டிஜிட்டலில் படம் போடுவது கலையா, டிசைனா? மும்பையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து சம்பாதிக்கிறேன். பகலில் ஒரு ஸ்டுடியோவில் ஆப்புகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை, இரவில் என் சொந்தப் படங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் போதும், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஃபோன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அம்மாக்கள், நடுவில் சில கடைக்கார அண்ணாச்சிகள். வருடா வருடம் அதே கேள்விகள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் அடுத்த தடவை லிங்க்கை அனுப்பிவிட்டுத் தூங்கலாம் என்ற சோம்பலில் எழுதியது இது.

கே: கலைக்கும் டிசைனுக்கும் என்னதான் வித்தியாசம்?

கேள்வி யாருடையது என்று பாருங்கள். டிசைனில் கேள்வியை இன்னொருவர் கொண்டு வருகிறார். விடை சரியாக வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் அவரால் முடியும். கலையில் கேள்வியும் என்னுடையது, ‘போதும், முடிந்தது’ என்று எழுந்துகொள்ளும் உரிமையும் என்னுடையது.

தாராவி 90 அடி ரோட்டில் முறுக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்குப் போர்டு செய்து கொடுத்தேன். அவர் கொண்டுவந்த கேள்வி எளிமையானது: “ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவுல போறவனுக்கும் என் கடை தெரியணும்.” அதற்குள் ஒளிந்திருந்தவை எளிமையானவை அல்ல. 2022-இல் மகாராஷ்டிரத்தில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கடைப்பெயர் தேவநாகரி எழுத்தில் மராத்தியில் இருந்தாக வேண்டும், வேறு எந்த மொழி எழுத்தும் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அண்ணாச்சிக்கோ தமிழ் முதலில் கண்ணில் பட வேண்டும். தேவநாகரிக்கு மேலே ஒரு கோடு ஓடுகிறது, தமிழுக்கு அது இல்லை. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் தமிழ் சிறுத்துத் தெரியும். ‘ணை’, ‘னை’ வந்தால் அகலம் வேறு பறித்துக்கொள்ளும். கடைசியில் அளவைத் தொடாமல் நிறத்தையும் எழுத்தின் தடிமனையும் வைத்துத் தமிழை முன்னால் கொண்டுவந்தேன். போர்டு ஏறிய அன்று அண்ணாச்சி ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்துவிட்டுக் கை காட்டினார். பரீட்சை முடிந்தது.

அந்த வேலைக்காக வரைந்த முறுக்குச் சுருள்கள் கையை விட்டுப் போகவில்லை. இரவில் அதே ஃபைலைக் காப்பி எடுத்து, சுருள்களைப் பெரிதாக்கி, ஜூலை மழையில் முங்கிய தெருவை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படமாக இழுத்துக்கொண்டு போனேன். ஆட்டோ, குடை, மிதக்கும் செருப்பு எல்லாம் அந்தச் சுருளுக்குள். அண்ணாச்சியிடம் காட்டினேன். “புதுசா பிழியப் பழகுறவன் பிழிஞ்ச மாதிரிலா இருக்கு” என்றார். சிரித்துக்கொண்டேன், ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. போர்டைப் பற்றி அவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன்.

கே: இரண்டும் ஒரே சாஃப்ட்வேரில்தானே நடக்கிறது?

ஆமாம், குழப்பமே அதனால்தான். முன்பு ஓவியருக்கு ஈசல் என்ற ஓவியத் தாங்கி, விளம்பரக் கலைஞருக்கு டிராயிங் போர்டு என்று இடமாவது வேறாக இருந்தது. இப்போது ஒரே ஐபேட், ஒரே பென்சில். எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதைக் கருவி சொல்லாது.

கே: கலை உயர்ந்தது, டிசைன் கூலி வேலை என்கிறார்களே?

நம் மொழிக்கு இந்த மேல் கீழ் பழக்கமில்லை. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள் வேலை செய்கிறவர். வினைஞர் என்றால் தொழில் செய்பவர்தான். என் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ள ஆசைதான், மும்பையில் யார் படிப்பது என்று விட்டுவிட்டேன்.

பழங்கதை வேண்டாம் என்றால் 1966-க்கு வாருங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியம் மட்டும் விற்று வயிறு நிறையாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் என்ற மெழுகுச் சாயத் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத படங்களை வரைந்தார்கள். அந்தத் துணிகளைப் பார்த்து யாரும் அவர்களைக் குறைந்த கலைஞர்கள் என்று சொல்லவில்லை. பகலில் ஆப், இரவில் படம் என்று ஓடும் எங்களுக்கு அவர்கள் முன்னோர்.

இந்த ஊரிலும் அப்படித்தான். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாய்க்கு வந்த புதிதில் சினிமா ஹோர்டிங் வரைந்தார், பிறகு பொம்மைகளுக்கு வடிவம் போட்டுப் பிழைத்தார். அவருடைய பெரிய கேன்வாஸ்களில் கோடு அவ்வளவு தைரியமாக ஓடுவதற்கு அந்த ஹோர்டிங் பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அத்தனை பெரிய தகரத்தின் முன்னால் தயங்கிக்கொண்டு நிற்க முடியாது.

கே: ஃபைன் ஆர்ட்ஸ் படித்தால் பிறகு டிசைனுக்கு வர முடியுமா?

முடியும். நீங்கள் தினமும் பார்க்கும் கம்ப்யூட்டர் ஐகான்களுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் சூசன் கேர். கலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பள்ளி நண்பர் ஒருவர் கூப்பிட்டு, 1984-இல் வந்த ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் படம் போடச் சொன்னபோது சிற்பம் செய்துகொண்டிருந்தார். முன்பின் கம்ப்யூட்டரில் வரைந்ததில்லை. கட்டம் போட்ட நோட்டு வாங்கி, 32-க்கு 32 கட்டத்துக்குள் பென்சிலால் நிரப்பித் தொடங்கினார். குப்பைத்தொட்டி, சிரிக்கும் கம்ப்யூட்டர் முகம் எல்லாம் அப்படி வந்தவை. புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது புரிந்துவிடும். இத்தனை புள்ளிக்குள் தாமரை வர வேண்டும் என்றால் எந்த இதழை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் போகலாம். வேரா மோல்னார் என்ற ஓவியர் 1968-இலேயே கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு, சதுரங்களை ஒழுங்காக அடுக்கி, அந்த ஒழுங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்துப் பார்த்தார். கிளையன்ட் இல்லை, டெட்லைன் இல்லை. எவ்வளவு குலைந்தால் ஒழுங்கு என்பது போய்விடும் என்பது அவருடைய சொந்தக் கேள்வி.

கே: ரூபாய்ச் சின்னம் கலையா, டிசைனா?

இதைக் கேட்டது ஒன்பதாவது படிக்கும் பையன். பெரியவர்கள் கேட்ட எதையும்விட நல்ல கேள்வி.

முதலில் ஊர்ப் பெருமை. அதை வரைந்த டி. உதயகுமார் தமிழர். அப்போது பவாயில் உள்ள ஐஐடி பம்பாயின் ஐடிசி என்ற டிசைன் பிரிவில் ஆய்வு மாணவர், ஆய்வுப் பொருள் தமிழ் அச்செழுத்து. அரசு நடத்திய போட்டிக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றில் அவருடையதை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம்.

இப்போது வடிவத்தைப் பாருங்கள். தேவநாகரி ‘ர’வும், நெடுங்கால் நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாகிவிட்டன. மேலே இரண்டு படுகோடு. ஒன்று தேவநாகரியின் தலைக்கோட்டை நினைவூட்டும், இரண்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளை கொடியை நினைவூட்டும். இதெல்லாம் கவிதை. ஆனால் சின்னம் எண்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், எண்ணின் உயரத்துக்குள் அடங்க வேண்டும், பேனாவால் இரண்டு மூன்று இழுப்பில் எழுத வர வேண்டும், காய்கறிக்காரர் சாக்பீஸால் சிலேட்டில் எழுதினாலும் அடையாளம் தெரிய வேண்டும். இதெல்லாம் கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில், கம்ப்யூட்டர்கள் எல்லாம் பின்பற்றும் எழுத்துப் பட்டியலான யுனிகோடில் இடம் கிடைத்தது, அதன்பின் கீபோர்டுக்கும் ஃபோனுக்கும் வந்து சேர்ந்தது.

கேள்வியைக் கொண்டுவந்தது அரசு, அதனால் அது டிசைன். ஆனால் எழுத்துகளோடு வருடக்கணக்காகத் தன் சொந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. பையனுக்கு இந்தப் பதில் திருப்தி தரவில்லை. “அப்ப ரெண்டுமா?” என்றான். ரெண்டுந்தான் தம்பி.

கே: மும்பையில் அடிக்கும் தமிழ் பேனர்களில் கொம்பு ஏன் இடம் மாறிக் கிடக்கிறது?

வயிற்றெரிச்சலைக் கிளப்பும் கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ‘கெ’ என்று நாம் எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. யுனிகோடில் சேமிக்கும்போது முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. அதை முன்னால் தூக்கி வைப்பது சாஃப்ட்வேரின் பொறுப்பு. அடோபி சாஃப்ட்வேர்களில் அந்த வேலையைச் செய்யும் அமைப்பு அணைந்திருந்தால் எழுத்துகள் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். கொம்பு பின்னால் தொங்கும், சில இடங்களில் புள்ளி வட்டம்கூடத் தெரியும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் டெக்ஸ்ட் எஞ்சினை ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று மாற்றினால் சரியாகும். பிரஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு உடைந்த எழுத்தும் அழகான எழுத்துதான். பூ, கோபுரம், தங்க பார்டர் எல்லாம் பிரமாதமாக வைத்திருப்பார், மணமகள் பெயர் மட்டும் சிதறிக் கிடக்கும்.

வருத்தம் என்னவென்றால், கணினித் தமிழ் எழுத்துக்கு இந்த ஊர் செய்திருப்பது கொஞ்சமல்ல. விண்டோஸோடு வந்த ‘லதா’ எழுத்துரு ஆர்.கே. ஜோஷி தலைமையில் மும்பையில் உருவானது. அவர் விளம்பர உலகில் ஆர்ட் டைரக்டர், எழுத்தோவியர், ஐடிசியில் ஆசிரியர். மராத்திக்காரர், நம் எழுத்தைத் தன் எழுத்துபோல் பார்த்தார். இன்று மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு ‘பலூ தம்பி’, ‘முக்தா மலர்’ என்ற தமிழ் எழுத்துருக்களைத் தந்திருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கல்யாண பேனருக்குத் தம்பி, சின்ன எழுத்தில் நிறைய படிக்க வேண்டிய இடத்துக்கு மலர். நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

கே: வரையவே தெரியாமல் டிசைனர் ஆகலாமா?

ஆகலாம். ஆப் வடிவமைப்பவர்களில் நிறையப் பேருக்கு ஒரு பூனை வரைய வராது. ஆட்களைக் கவனிக்கத் தெரிய வேண்டும். எனக்கு வரைய வரும், கவனிக்கத்தான் லேட்டாகக் கற்றேன். ஒரு டிக்கெட் ஆப்பின் தமிழ்ப் பதிப்புக்கு முகப்புக் குறியாக (ஹோம் ஐகான்) ஓடு வேய்ந்த வீடு ஒன்றை ஆசையாக வரைந்திருந்தேன், திண்ணையெல்லாம் வைத்து. சித்தியிடம் ஃபோனைக் கொடுத்தேன். “கோயில் டிக்கெட்டா இது?” என்றார். அடுத்ததாக ‘ரத்து செய்க’ என்ற பொத்தானைத் தேடினார். நான் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த இடத்தில் தமிழ் அடங்காமல் ‘ரத்து செ…’ என்று நின்றது. மூன்றாவதாக, வரிகளை நெருக்கி வைத்ததில் ‘கி’யின் தலை வெட்டுப்பட்டிருந்தது.

இதற்கெல்லாம் அளவு இருக்கிறது. விரல் படும் இடம் ஆப்பிள் சொல்வதுபடி 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி (இரண்டும் திரையில் நீள அகலம் அளக்கும் அலகுகள்). சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. வெளிர்சாம்பலில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்து ‘கிளாஸியாக இருக்கிறது’ என்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் நீட்டுவேன். கண் தெரியாமல் அவதிப்படுவது சித்திதானே. திண்ணை வீடு இப்போது என் சொந்தப் படத் தொடரில் இருக்கிறது. அங்கே அது நன்றாகவே இருக்கிறது.

கே: கிளையன்ட் பத்து முறை மாற்றச் சொன்னால் கலைஞனின் மனசு என்ன ஆவது?

எந்தத் திருத்தம் கேள்வியிலிருந்து வருகிறது, எது ரசனையிலிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். “படிக்க முடியவில்லை” என்றால் வாயை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும். “என் மச்சானுக்கு ஊதா பிடிக்காது” என்றால் பேசலாம். வேலையை எடுக்கும்போதே திருத்தம் மூன்று முறை, அதற்கு மேல் தனிக் காசு என்று எழுதிக்கொண்டுவிடுங்கள். மச்சான்கள் குறைந்துவிடுவார்கள்.

என் முதல் ஃப்ரீலான்ஸ் வேலையில் அப்படி எழுதவில்லை. பதினேழு தடவை மாற்றி, கடைசியில் முதல் வடிவமே போதும் என்று எடுத்துக்கொண்டு, பாதிப் பணம்தான் தந்தார்கள். அந்தப் பதினேழு ஃபைலையும் இன்னும் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது நன்றாகத்தான் இருந்தது.

கே: நான் வரைந்தது யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன், பெரிய ஒப்பந்தம் என்றால் வக்கீலைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு வேலைக்காக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமும் உருவப்படமும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், பணம் கொடுத்தவருக்கு. மற்றபடி உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

விற்ற பிறகும் கையில் நிற்கும் ஓர் உரிமை உண்டு. 57-ஆம் பிரிவு. படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் கேடு செய்தால் கேட்கலாம். டெல்லி விக்யான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் புதுப்பிக்கும் வேலையின்போது கழற்றிக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்திவிட்டார்கள். அவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய துண்டுகளை அவரிடமே திருப்பித் தரவும் ஐந்து லட்சம் நஷ்டஈடு தரவும் சொன்னது. சிற்பம் அரசின் சொத்து, ஆனாலும் அதைச் சிதைக்க அரசுக்கு உரிமை இல்லை.

கே: ஏஐ வந்துவிட்டதே, இனி இந்தப் படிப்பெல்லாம் எதற்கு?

நானும் தினம் பயன்படுத்துகிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஐம்பது மாதிரி கேட்டால் ஐம்பது தரும். அதில் எது 90 அடி ரோட்டில் மழைநாள் சாயங்காலம் தெரியும் என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது அங்கே நின்றதில்லை. படத்துக்குள் தமிழ் எழுத்துக் கேட்டுப் பாருங்கள், பல சமயம் ஜிலேபி பிழிந்து தரும்.

பயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். யாரோ சொன்னதை அப்படியே வரைந்து கொடுக்கும் சின்ன வேலைகள் என் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருகின்றன. புதிதாக வருகிறவர்கள் கை பழகியது அந்த வேலைகளில்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உரிமை விஷயம்: நம் சட்டத்தில் 1994-இலேயே, கம்ப்யூட்டர் உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று சேர்த்துவிட்டார்கள். இன்றைய ஏஐயை மனதில் வைத்து எழுதியதல்ல. அமெரிக்காவில் 2023-இல் ஒரு நீதிமன்றம், மனித ஆசிரியர் இல்லாத படத்துக்குக் காப்புரிமை இல்லை என்றது, 2025-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆகவே லோகோ மாதிரி உரிமை முக்கியமான வேலையை முழுக்க ஏஐயிடம் விடாதீர்கள்.

கே: என்எஃப்டியில் கோடி கோடியாக வருமாமே?

என்எஃப்டி என்பது டிஜிட்டல் படம் இன்னாருக்குச் சொந்தம் என்று நெட்டில் பதிந்து விற்கும் சீட்டு. பீப்பிள் என்பவரின் டிஜிட்டல் படத்தொகுப்பு அப்படி 2021 மார்ச்சில் 6.9 கோடி டாலருக்குப் போனது உண்மை. அவர் கிராஃபிக் டிசைனர். 2007-லிருந்து தினம் ஒரு படம் என்று ஐயாயிரம் படம் போட்ட பிறகு வந்த பணம் அது. எல்லோரும் கடைசி நாளை மட்டும் பார்க்கிறார்கள். இங்கே 2022 பட்ஜெட்டிலிருந்து அந்த மாதிரிச் சொத்தை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. பிள்ளையின் ஃபீஸைக் கட்ட இதை நம்பாதீர்கள்.

கே: பிள்ளையை எங்கே சேர்ப்பது?

சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைக்கல்லூரி இருக்கிறது. ஓவியம், சிற்பம் ஒரு பக்கம், விளம்பரக் கலை என்ற அப்ளைட் ஆர்ட் இன்னொரு பக்கம், ஒரே வளாகம். பவாயில் 1969-இல் தொடங்கிய ஐடிசி. அங்கே பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்பில் சேர யூசீட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம், காமர்ஸ் பிள்ளைகளும்தான். கம்ப்யூட்டரில் பதில் சொல்லும் பகுதியோடு கையால் வரையும் பகுதியும் உண்டு.

சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் பேப்பரும் பென்சிலும் கொடுத்து விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு, வீட்டு மருந்து டப்பாவில் தாத்தாவுக்குக் காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது என்று குழப்பமில்லாமல் தெரியும்படி ஏதாவது செய்யச் சொல்லுங்கள். எந்த ஞாயிறு பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்று பாருங்கள். இரண்டு நாளும் வரவில்லை என்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள்.

கே: என் கடைக்கு ஒரு லோகோ போட எவ்வளவு ஆகும்?

கடையைப் பார்க்காமல் தொகை சொல்ல முடியாது அண்ணாச்சி. போர்டு மாட்டப்போகும் சுவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், உச்சி வெயிலில் ஒன்று, ராத்திரி விளக்குப் போட்ட பிறகு ஒன்று. நடுவில் பஸ் வந்து மறைத்தால் அதையும் அழிக்காமல் அனுப்புங்கள்.